ஃபாக்ஸிடம் அடிவாங்கும் மார்த்துக்கு: எங்கே வலிக்கிறது, எங்கே பழுது

‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே’ என்னும் சண்டை வீடியோ கேம் 2001 நவம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் கேம்கியூபுக்காக வெளிவந்தது. பெயரின் கடைசிச் சொல்லை ஒலிப்படி எழுதினால் ‘மேலே’ என்று வரும். படிப்பவர் அண்ணாந்து பார்க்கக்கூடும் என்பதால் குறிலிலேயே விட்டுவிடுகிறேன். இணையம் வழியே மாதாமாதம் திருத்தம் அனுப்பும் வழக்கம் வராத காலத்து ஆட்டம் இது. ஆகவே அதன் பாத்திரங்களில் ஒருவனான ஃபாக்ஸ் அன்று எவ்வளவு அநியாயக்காரனோ இன்றும் அவ்வளவுதான். 2020 ஜூனில் ஸ்லிப்பி என்னும் ரசிகர் மென்பொருளில் இணையத் தாமதத்தை மறைக்கும் ரோல்பேக் முறை வந்தபின், வீட்டில் உட்கார்ந்தபடியே எதிராளி கிடைக்கிறார். அவர் ஃபாக்ஸை எடுத்திருந்தால் வியப்படைய வேண்டாம்.

இந்த ஆட்டத்தில் அடி வாங்க வாங்கச் சதவீதம் ஏறும், அது ஏற ஏற ஆள் தூரமாகப் பறப்பான், எல்லைக்கு வெளியே போனால் ஓர் உயிர் போகும். நாம் எடுக்கும் பாத்திரமான மார்த் ஃபயர் எம்பளம் தொடரின் இளவரசன். அந்தத் தொடர் 2003 வரை ஜப்பானைத் தாண்டவில்லை. வெளிநாட்டவர் பலர் அவனை முதலில் சந்தித்ததே மெலேயில்தான். இன்றும் அதில் அவன் ஜப்பானிய மொழி மட்டுமே பேசுகிறான். அவனிடம் இருப்பது ஒரு வாள். சுடவோ எறியவோ எதுவும் இல்லை. வாளின் நுனி பட்டால் இடி. நடுப்பகுதி பட்டால் தட்டு. ஃபாக்ஸுக்கு லேசர் உண்டு, மின்னல் வேகம் உண்டு, முதல் ஃபிரேமிலேயே (ஒரு ஃபிரேம் என்பது வினாடியில் அறுபதில் ஒரு பங்கு) அடிக்கும் ஷைன் என்னும் ஒளி அடி உண்டு. அதற்குப் பதிலாக அவன் எடை 75 (மார்த் 87), கல்லைப் போட்டதுபோல் வேகமாக விழுகிறான். இலேசானவனும் வேகமாக விழுபவனும் ஒருவனே என்பதால் அவனை அடுக்கடுக்காக அடிக்கலாம். அவனும் உங்களை அப்படியே அடிப்பான்.

இந்தக் கட்டுரையைப் பயன்படுத்தும் முறை எளியது. உங்கள் புலம்பல் எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். அடிகளின் பெயரில் ‘ஏர்’ என்றால் காற்றில் போடுவது, ‘டில்ட்’ என்றால் தரையில் போடும் இலேசான அடி, ‘ஸ்மாஷ்’ என்றால் தரையில் போடும் பலமான அடி; முன்னால் வரும் சொல் திசையைச் சொல்லும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்லிப்பி ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிவுசெய்து வைக்கிறது. உயிர் போன நொடியிலிருந்து இரண்டு வினாடி, அதாவது 120 ஃபிரேம், பின்னால் போய் நிறுத்துங்கள். அங்கே வாளைப் பார்க்காதீர்கள், மார்த்தின் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை பழுது விரலில் இருப்பது அரிது. நின்ற இடத்தில்தான் இருக்கும். வலி அடுத்த கட்டத்தில் தெரியும்.

“எதை அழுத்தினாலும் தாமதமாக வருகிறது”

முதலில் கருவியைப் பாருங்கள். தட்டையான டிவிகள் பல, படத்தை மெருகேற்றுவதற்காகச் சில ஃபிரேம்களை விழுங்கிவிடும். அந்தப் பழைய குண்டு டிவிகளைப் போட்டிகளுக்குச் சுமந்து வருபவர்கள் பழமை விரும்பிகள் அல்லர், தாமதத்துக்கு அஞ்சியவர்கள். இணையத்தில் ஆடுகிறீர்கள் என்றால் வைஃபையை விட்டுவிட்டுக் கம்பி இணைப்புக்கு வாருங்கள்.

கருவி சரியாக இருந்தும் தாமதம் தெரிந்தால் எல்-கேன்சலைச் சோதியுங்கள். தரையைத் தொடுவதற்கு முந்தைய 7 ஃபிரேம்களுக்குள் எல், ஆர், இசட் பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால், வான் அடிக்குப் பின் தரையில் உறைந்து நிற்கும் நேரம் பாதியாகும். மார்த்தின் ஃபார்வர்டு ஏருக்கு அது 15லிருந்து 7 ஆகக் குறைகிறது. நான் மூன்று மாதம் கன்ட்ரோலரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பதிவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வாள் காற்றில் வீசப்பட்டால் சரியாகவும், எதிலாவது பட்டால் தவறாகவும் அழுத்தியிருக்கிறேன். அடி பட்டால் இருவரும் சில ஃபிரேம் உறைகிறார்கள், தரை தாமதமாக வருகிறது. என் விரல் அந்த உறைவைக் கணக்கில் எடுக்கவே இல்லை. மேலே சொன்ன ‘விரலில் பழுது அரிது’ என்ற விதிக்கு விலக்கு நானே.

“வாள் பட்டது, அடிவாங்கியது நான்”

ஆட்டத்தின் தொடக்கத்தில், ஃபாக்ஸின் சதவீதம் இருபதுக்குள் இருக்கும்போது இது நடக்கும். நீங்கள் குதித்து ஃபார்வர்டு ஏர் போடுகிறீர்கள். அது படுகிறது. அவன் அசையாமல் குந்தியபடியே ஷைன் அடிக்கிறான், பிறகு அப் ஸ்மாஷ்.

குந்தியிருப்பவன் மீது பட்ட அடியின் தள்ளுவிசை மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். குறைந்த சதவீதத்தில் அந்த மிச்ச விசை அவனைத் தரையிலிருந்து கிளப்பப் போதாது. மார்த்துக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு: ஃபாக்ஸின் ஷைன் அவனைக் கீழே வீழ்த்துவதில்லை, நின்றபடியே சறுக்க வைக்கிறது. ஃபாக்ஸ் பின்னாலேயே வேவ்டாஷில் (குதித்த கணமே தரையை நோக்கி விலகிச் சறுக்குவது) வந்து மறுபடி அடிப்பான். கீழே விழுபவர்களுக்காவது டெக் செய்ய, அதாவது விழும் கணத்தில் பொத்தானை அழுத்தி உடனே எழ, ஒரு வாய்ப்பு இருக்கிறது.

மாற்று மருந்து பிடிதான். குந்துவதால் பிடியைத் தடுக்க முடியாது. மார்த்தின் பிடிக்கு நீளம் அதிகம், நின்றபடி போட்டால் 7ஆவது ஃபிரேமில் கை போய்விடும். அவன் குந்திக்கொண்டே காத்திருக்கும் பழக்கம் உள்ளவன் என்று முதல் உயிரிலேயே தெரிந்துவிட்டால் அதைப் பரிசாகக் கொள்ளுங்கள். வாளைத்தான் வீச வேண்டும் என்று மனம் அரித்தால் டவுன் டில்டை நுனித் தூரத்திலிருந்து போடுங்கள். 7ஆவது ஃபிரேமில் அடித்து 20ஆவது ஃபிரேமில் அடுத்த வேலைக்கு விடுதலை தரும் அடி அது. குந்தியவன் ஷைனுக்கு எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

“தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டே இருக்கிறான்”

ஃபாக்ஸைப் போலவே ஆடும் ஃபால்கோ என்னும் பாத்திரத்தின் லேசர் பட்டால் உடல் ஒரு கணம் திடுக்கிடும். ஃபாக்ஸின் லேசர் பட்டால் எண் மட்டும் ஏறும், உங்கள் ஓட்டம் நிற்காது. அவன் எதிர்பார்ப்பது உங்கள் எரிச்சலை. பொறுமையிழந்து நேரே பாய்கிறீர்கள், அவன் அங்கேதான் நியூட்ரல் ஏர் வைத்திருக்கிறான்.

சுடுபவன் பின்வாங்கிக்கொண்டே சுடுகிறான் என்பதைக் கவனியுங்கள். மேடையின் நடுவை அவனே உங்களுக்கு எழுதிக் கொடுக்கிறான். வாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து லேசர்களை வாங்கியபடி நடுவுக்கு வந்து, அங்கிருந்து டேஷ் டான்ஸ் (முன்னும் பின்னும் மாறி மாறிப் பாய்வது) ஆடியபடி அவனை மூலைக்குத் தள்ளுங்கள். பின்னால் இடம் தீர்ந்ததும் அவன் குதித்தாக வேண்டும் அல்லது பாய்ந்தாக வேண்டும். இரண்டுக்கும் வாளின் நீளம் போதும்.

“ஷீல்டுக்குள் மாட்டிக்கொண்டேன்”

ஃபாக்ஸ் நியூட்ரல் ஏரோடு வந்து உங்கள் ஷீல்டில் (அடியைத் தடுக்கும் கவசக் குமிழி) மோதி, ஷைன் அடித்து, குதித்து, மறுபடி மோதுகிறான். பிடிக்கலாம் என்று பொத்தானை அழுத்தினால் அடுத்த ஷைன் முகத்தில் விழுகிறது. கணக்கைப் பாருங்கள்: உங்கள் பிடிக்கு 7 ஃபிரேம், அவன் ஷைனுக்கு 1. இந்த ஓட்டப்பந்தயத்தில் நீங்கள் நுழைந்ததே தவறு.

வெளியேற மூன்று கதவுகள் உள்ளன. முதலாவது, பின்னால் வேவ்டாஷ். மார்த்தின் வேவ்டாஷ் நீளமானது. ஷீல்டிலிருந்து குதிக்கத் தொடங்கியதும் தரையை நோக்கிச் சறுக்கினால் வாளுக்குத் தேவையான தூரம் தானாகவே கிடைத்துவிடும். ஆனால் மார்த் குதிக்கும் முன் 4 ஃபிரேம் முழங்காலை மடக்குகிறான், அந்த இடைவெளியில் அடி விழலாம். இரண்டாவது, டால்பின் ஸ்லாஷ் என்னும் மேல்நோக்கிய வெட்டு: தொடக்கத்தில் அடிபடாத காப்பு உண்டு, 5ஆவது ஃபிரேமில் அடிக்கும். பட்டால் ஃபாக்ஸ் பறப்பான். படாவிட்டால் நீங்கள் செயலற்று மேலிருந்து இறங்கி வரும்வரை அவன் அப் ஸ்மாஷைச் சார்ஜ் செய்துகொண்டு காத்திருப்பான். ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறைக்கு மேல் இதை நம்ப மாட்டேன். மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் ஷீல்டைப் பிடித்தபடி, அவன் அடுத்து என்ன செய்கிறான் என்று பார்ப்பது. சாதாரண வீரர்களின் விரல் மூன்றாவது சுற்றில் தடுமாறும்.

இவை எல்லாம் முதலுதவிதான். பதிவைப் பின்னால் ஓட்டினால் ஏறத்தாழ எப்போதும் ஒரே காட்சி தெரியும்: ஷீல்டு போடுவதற்கு முன் நீங்கள் மூலையில் நின்றிருக்கிறீர்கள். பின்னால் இடம் இருந்திருந்தால் டேஷ் அடித்து விலகி, அவன் காற்றில் அடித்துவிட்டு இறங்கும் இடத்தில் பிடித்திருப்பீர்கள்.

“நுனி படுவதே இல்லை”

ஃபார்வர்டு ஸ்மாஷின் நுனி 20 சதவீதம் சேர்க்கிறது, அதைவிட முக்கியமாக ஆளை மேடையை விட்டே அனுப்புகிறது. அது 10ஆவது ஃபிரேமில்தான் அடிக்கும். ஃபாக்ஸ் நின்ற இடத்தைக் குறிவைத்து அழுத்தினால், அந்த 10 ஃபிரேமில் அவன் ஓர் அடி உள்ளே வந்துவிடுகிறான், நடுவாள் படுகிறது. ஆகவே அவன் இப்போது நிற்கும் இடத்தை மறந்துவிட்டு, பத்து ஃபிரேம் கழித்து எங்கே இருப்பான் என்பதற்கு அளந்து போடுங்கள். அவன் உள்ளே ஓடி வருகிறான் என்றால் நீங்கள் முதலில் பின்னால் டேஷ் அடித்து, திரும்பியதும் வீச வேண்டும். நின்ற இடத்திலிருந்து ஆசையாக வீசும் ஃபார்வர்டு ஸ்மாஷை நல்ல ஃபாக்ஸ் ஒருமுறை வாங்குவான். இரண்டாவது முறை அதற்காகவே காத்திருப்பான்.

“பிடித்தேன், மேலே எறிந்தேன், தப்பிவிட்டான்”

இந்த மோதலின் இதயம் இதுதான், ஆகவே கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்.

ஃபைனல் டெஸ்டினேஷன் என்னும் தட்டையான மேடையில் மார்த், ஃபாக்ஸைப் பிடித்து அப் த்ரோவில் மேலே எறிந்தால், அவன் வேகமாக விழுந்து மறுபடி கைக்கே வருகிறான். மறுபடி எறி, மறுபடி பிடி. தொடர்பிடி என்று இதைச் சொல்லலாம். சரியாகச் செய்தால் ஒரே பிடியில் ஓர் உயிரையே எடுத்துவிடலாம். செய்முறைப் பாடங்களில் இது கோலம் போடுவதுபோல் எளிதாகத் தெரியும். போட்டியில் மூன்றாவது புள்ளியிலேயே கோடு கோணிவிடும்.

காரணம் டிஐ என்னும் திசைத் திருப்பல். எறியப்படும் கணத்தில் ஃபாக்ஸ் தன் ஸ்டிக்கைச் சாய்க்கும் திசை அவன் விழும் இடத்தை மாற்றுகிறது. அவன் சாய்க்காவிட்டால் உங்கள் தலைக்கு மேலேயே விழுவான். முழுதாக முன்னே அல்லது பின்னே சாய்த்தால் சில அடி தள்ளி விழுவான். ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். நல்ல வீரர்கள் அரைகுறையாகச் சாய்ப்பார்கள்: ஓடினால் அவனைத் தாண்டிவிடும், நின்றால் எட்டாத நடுத்தூரம். அதற்கு, டேஷ் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் ஸ்டிக்கைத் தட்டி, திரும்பிய கணத்திலேயே பிடிக்கும் பிவட் பிடி தேவை.

பெரும்பாலோர் செய்யும் பிழை, எறிவதற்கு முன்பே எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவுசெய்துவிடுவது. மூன்றில் ஒன்று சரியாக அமையும், அன்று கை சூடாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எறிந்தபின் ஃபாக்ஸின் உடலைப் பாருங்கள், உங்கள் மார்த்தைப் பார்க்காதீர்கள். அவன் எழும்பும் கோடு தொடக்கத்திலேயே எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டிவிடும். அங்கிள்பஞ்ச் பயிற்சி முறை என்ற மாற்றுருவில் எதிராளி ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் சாய்க்குமாறு அமைத்துப் பழகலாம். பழகும்போது முதலில் பிடிக்காதீர்கள். எறிந்து, அவன் விழும் இடத்துக்கு மட்டும் நடந்து போய் நில்லுங்கள். ஒரு வாரம் அவ்வளவுதான் வேலை. சலிப்பாக இருக்கும் என்று தெரியும். பிடிக்கும் விரலை முதலில் பழக்கியவர்கள் எல்லோரும் தவறான இடத்தில் மிக வேகமாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள், என்னையும் சேர்த்து.

சதவீதம் ஏற ஏற அவன் உயரமாகப் போகிறான், கைக்கு வந்துசேர நேரம் எடுக்கிறது, குதித்துத் தப்பவும் வாய்ப்புக் கிடைக்கிறது. அந்தக் கட்டத்தில் பிடியை விட்டு அப் டில்ட், அப் ஏர் ஆகியவற்றுக்கு மாறி அவனைக் காற்றிலேயே வைத்திருங்கள். மாறாமல் பிடித்துக்கொண்டே இருப்பவர்களைத்தான் ‘தப்பிவிட்டான்’ என்ற புலம்பலோடு அதிகம் பார்க்கிறேன். அப் ஏர் போட்டுக்கொண்டே மேடையின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். ஏன் ஓரத்துக்கு என்பது அடுத்த தலைப்பில் வருகிறது.

தளங்கள் உள்ள மேடைகளில் கதை வேறு. மேலே எறிந்தால் ஃபாக்ஸ் பக்கத்துத் தளத்தில் போய் விழுவான், டெக் செய்வான். அவனைத் துரத்தித் தளத்தின்மேல் ஏறாதீர்கள், அடியில் நில்லுங்கள். எழும் விதம் நான்கு: அதே இடத்தில் எழுவது, இடது, வலது, டெக் தவறி மல்லாந்து கிடப்பது. அதே இடத்தில் எழுபவனுக்கு 26 ஃபிரேமில் 20 வரை காப்பு, மிச்சம் ஆறு. உருள்பவனுக்கு மொத்தம் 40. காப்பு அதே 20தான். ஆகவே உருண்டவனைப் பார்த்துவிட்டுப் போனாலும் நேரம் இருக்கிறது. அதே இடத்தில் எழுபவனை அடிக்க வாள் முன்கூட்டியே கிளம்பியிருக்க வேண்டும். நான் தளத்தின் நடுவுக்குக் கீழே நின்று, அதே இடத்தில் எழுவதற்கான அப் டில்டைத் தயாராக வைத்துக்கொண்டு, உருண்டால் மட்டும் நகர்கிறேன்.

“நூறைத் தாண்டியும் சாக மறுக்கிறான்”

மார்த் ஆடுபவர்கள் ஒன்றுகூடினால் முதலில் பேசுவது இதைத்தான். ஃபாக்ஸ் நூற்றுப் பத்து, நூற்று முப்பது என்று ஏறிக்கொண்டே போகிறான். முப்பதில் அழகாக அடுக்கிய அடிகள் எல்லாம் இப்போது அவனைத் தொடர முடியாத உயரத்துக்கு அனுப்புகின்றன, ஆனால் கொல்வதில்லை. அப் த்ரோவும் அப்படியே. நீங்கள் ஒரு ஃபார்வர்டு ஸ்மாஷுக்காகத் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். அதற்குள் அவன் ஒரு பிடி பிடித்து, மேலே எறிந்து, அப் ஏரில் உங்களை முடித்துவிடுகிறான்.

வலி நூறில் தெரிகிறது. பழுது நாற்பதில் இருக்கிறது. நாற்பதில் இருந்தபோது மேடையின் நடுவில் ஒரு தொடர் கிடைத்தது; நாலைந்து அடி அடித்துவிட்டு, திருப்தியோடு நடுவிலேயே முடித்தீர்கள். அந்தத் தொடரின் கடைசி அடி விளிம்பில் விழுந்திருந்தால் அவன் மேடைக்கு வெளியே போயிருப்பான். வெளியே போன ஃபாக்ஸ் நாற்பதிலும் சாவான். மார்த்தின் கையில் ஃபாக்ஸ் சாகும் சதவீதம் என்று ஒன்று கிடையாது, சாகும் இடம்தான் உண்டு.

சரி, நூறுக்கு வந்தாகிவிட்டது, இப்போது என்ன செய்வது? பிடி கிடைத்தால் மேலே எறியும் பழக்கத்தை நிறுத்துங்கள். விளிம்பு எந்தப் பக்கம் அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம், முன்னாலோ பின்னாலோ, எறியுங்கள். மூலையில் நிற்பவனுக்கு டவுன் டில்ட் போட்டு வெளியே தள்ளுங்கள். இவை எதுவும் கொல்லாது. அவனை வெளியே நிறுத்தும். கொலை அடுத்த தலைப்பில் நடக்கும். நடு மேடையில் ஃபார்வர்டு ஸ்மாஷுக்காக ஏங்குவதை, அவன் தரையிறங்கும் இடம் நிச்சயமாகத் தெரியும் தருணங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கென் காம்போ என்று ஒன்று உண்டு, இந்த ஆட்டத்தின் தொடக்க ஆண்டுகளை ஆண்ட வீரரின் பெயரால்: ஃபார்வர்டு ஏர், இன்னொரு குதி, மறுபடி ஃபார்வர்டு ஏர், கடைசியில் டவுன் ஏரில் நேரே கீழே. மார்த்தின் டவுன் ஏர் தரும் வீழ்ச்சியை எதிராளி குதித்து ரத்துசெய்ய முடியாது என்பதால் பட்டவன் பட்டவன்தான். இன்றைய ஃபாக்ஸ்கள் இரண்டாவது அடியிலேயே சாய்த்து விலகிவிடுகிறார்கள். ஆனாலும் விளிம்புக்கு வெளியே கிடைத்தால் விடாதீர்கள். அதன் மகிழ்ச்சிக்காகவே மார்த் ஆடுபவர்கள் இருக்கிறார்கள்.

“விளிம்பில் ஒவ்வொரு முறையும் நழுவிவிடுகிறான்”

வெளியே இருக்கும் ஃபாக்ஸுக்குப் பாக்கியிருப்பவை மூன்று: இரண்டாவது குதி, பக்கவாட்டில் பாயும் இல்யூஷன், தீப்பற்றி எழும் ஃபயர்ஃபாக்ஸ். முதலில் எது மிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். குதி பாக்கி இருப்பவனை நோக்கி வெளியே பாய்வது வீண்.

ஃபயர்ஃபாக்ஸ் கிளம்ப 42 ஃபிரேம் ஆகும், 0.7 வினாடி. அவன் தொங்கிக்கொண்டு தீமூட்டுவதைப் பார்த்ததும் அருகில் போய் வெட்டத் தோன்றும். போகாதீர்கள், அந்தத் தீயும் சுடும். ஃபால்கோவுக்கு இப்படி இல்லை. ஃபால்கோவுக்கு எதிராகக் கற்ற கை ஃபாக்ஸிடம் வெந்துபோவது இதனால்தான். 0.7 வினாடி என்பது யோசிக்கப் போதுமான நேரம். அவன் விளிம்பின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் விளிம்பைப் பற்றத்தான் வருகிறான்: நீங்களே போய் அதைப் பிடித்துத் தொங்கினால் அவனுக்கு இடமில்லை, ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொங்க முடியும். மட்டத்துக்கு மேலே இருந்தால் மேடைக்குள்ளோ தளத்துக்கோ வருவான்; உள்ளே நின்று, இறங்கும் இடத்தில் வெட்டுங்கள்.

இல்யூஷன் வேறு வகை. பாய்ச்சல் கண்ணுக்குத் தெரியாத வேகம்; ஆனால் அதற்கு முன் ஒரு கணம் அவன் உடலைப் பின்னிழுத்துத் தயாராகிறான். அந்த அசைவுக்குத்தான் எதிர்வினை. நல்ல ஃபாக்ஸ்கள் பாய்ச்சலைப் பாதியில் வெட்டிக் குறுக்குவார்கள், அதனால் உங்கள் வாள் காற்றில் போகும். அவனுக்குத் தெரிவுகள் பல: விளிம்புக்கு, மேடைக்குள், தளத்துக்கு, குறுக்கி. எல்லாவற்றையும் ஊகிக்க முயன்றால் பைத்தியம் பிடிக்கும்.

இங்கேதான் கால் வைக்கும் இடம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நழுவ விடுபவர்களின் பதிவுகளில் மார்த் விளிம்பின் நுனியிலேயே நிற்கிறான். அங்கே நின்றால், மேடைக்குள் பாயும் ஃபாக்ஸ் உங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறான். மேலும், தரையிலிருந்து வீசும் அடிகளில் நுனிக்குப் பதில் நடுவாள் படுகிறது. விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு டவுன் டில்டின் நீளம் உள்ளே வாருங்கள். அங்கிருந்து விளிம்பில் எழும் தலையை டவுன் டில்ட் எட்டும். உள்ளே பாய்பவனை அதே அடி தடுக்கும். பின்புறமாக வேவ்டாஷ் செய்து விளிம்பைப் பற்றவும் நேரம் இருக்கும். ஓர் இடம், மூன்று பதில். ஊகிக்க வேண்டியது குறுக்கிய பாய்ச்சல் ஒன்றுதான். அதில் அவன் தப்பினால், நன்றாக ஆடினான் என்று விட்டுவிடுங்கள்.

முதல் அடியிலேயே சாகவில்லை என்று கோபப்படவும் வேண்டாம். டவுன் டில்ட் அவனை மறுபடி வெளியே அனுப்புகிறது, ஆனால் இந்த முறை இன்னும் தாழ்வாக, சில நேரம் குதியும் இல்லாமல். மார்த்தின் விளிம்புக் காவல் பெரும்பாலும் இரண்டு மூன்று தவணைகளில்தான் முடியும்.

“மேடைக்குத் திரும்பவே முடியவில்லை”

டால்பின் ஸ்லாஷ் நேரே மேலே போகும், பக்கவாட்டில் எட்டாது. ஃபாக்ஸுக்கு இது தெரியும். விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குவான், அல்லது வெளியே வந்து ஷைன் அடித்துக் கிடைமட்டமாகத் தள்ளுவான், அவ்வளவில் கதை முடிந்துவிடும். ஆகவே இரண்டாவது குதியைப் பதற்றத்தில் செலவழிக்காதீர்கள். காற்றில் முதல் முறை போடும் டான்சிங் பிளேடு என்னும் வாள்வீச்சு உங்களைச் சற்றே தூக்கித் தாங்கும். நேரத்தை மாற்ற அதுதான் இருக்கிறது. ஃபாக்ஸ் ஒவ்வொரு முறையும் விளிம்பைப் பற்றுகிறான் என்றால் கொஞ்சம் உயரத்திலிருந்து வெட்டுங்கள், மேடைமேல் இறங்கலாம். சுவரை ஒட்டி வரும்போது ஷைன் வரும் என்று தோன்றினால் சுவரில் டெக் செய்யத் தயாராக இருங்கள்.

இதே வகையில் இன்னொன்று: அவன் மேலே எறிந்து அப் ஏர் போடும்போது, அந்த அடி இரண்டு கட்டமாக வருகிறது, முதலாவது இலேசானது, இரண்டாவது கொல்வது. முதல் தட்டு பட்ட கணத்தில் ஸ்டிக்கைப் பக்கவாட்டில் திரும்பத் திரும்பத் தட்டினால் இரண்டாவதிலிருந்து நழுவலாம். எப்போதும் வேலை செய்யாது. செய்யும்போது எதிராளி ஒரு நொடி செயலற்றுக் காற்றில் தொங்குவதைப் பார்ப்பது தனி இன்பம்.

“ஒரு மேடையில் வெல்கிறேன், அடுத்ததில் உதைபடுகிறேன்”

ஃபைனல் டெஸ்டினேஷனில் வென்றிருப்பீர்கள். தொடர்பிடி உங்களைச் சுமந்தது. தோற்றவர் அடுத்த மேடையைத் தேர்வார். போகிமான் ஸ்டேடியமோ ட்ரீம் லேண்டோ வரும். அங்கே தளங்கள் தொடர்பிடியை வெட்டுகின்றன. ஸ்டேடியத்தில் கூரை தாழ்வு, அப் ஸ்மாஷில் சீக்கிரம் சாகிறீர்கள். ட்ரீம் லேண்டில் எல்லைகள் தூரம், உங்கள் நுனி அடி கொல்லத் தாமதமாகிறது. சுட்டுக்கொண்டு ஓட இடமும் ஏராளம்.

மார்த்துக்கு யோஷிஸ் ஸ்டோரி பிடிக்கும் என்று சொல்வார்கள். மேடை சிறியது, பக்க எல்லைகள் அருகில், ஃபாக்ஸ் ஓடி ஒளிய இடமில்லை. அது உண்மை. போட்டி மேடைகளிலேயே மிகத் தாழ்ந்த கூரை அங்கேதான் என்பதும் உண்மை. அவனுடைய அப் ஸ்மாஷும் அங்கே சீக்கிரம் கொல்லும். நான் அதைத் துணிந்து எடுப்பேன், ஏனென்றால் என் தவறுகள் பெரும்பாலும் இடம் அதிகமாக இருக்கும்போது நடப்பவை. உங்கள் பதிவுகள் வேறு சொல்லலாம். ராண்டல் என்று செல்லப்பெயர் கொண்ட மேகம் ஒன்று அந்த மேடையைச் சுற்றி வரும். ஆட்டக் கடிகாரத்தோடு பிணைந்த ஓட்டம் அதற்கு, 20 வினாடிக்கு ஒரு சுற்று. இறந்தான் என்று நினைத்த ஃபாக்ஸ் அதன்மேல் நின்றுகொண்டு உங்களைப் பார்ப்பான். அவனை வெளியே எறிவதற்கு முன் கடிகாரத்தை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.